வழியனுப்பு விழா போதாது: குமரி மாவட்ட வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் பகுதிகளிலிருந்து வெளிநாட்டுப் படிப்புக்கு மாணவர்களை அனுப்பும் ஆலோசனை மையங்களின் உரிமையாளர்களுக்கும் பொறுப்பாளர்களுக்கும்,

உங்களில் பலர் இந்த முறை பயணத்துக்கு முந்தைய வகுப்பையே எடுத்துவிட்டீர்கள். அதற்குப் பதில் வழியனுப்பு விழா. ஒரு ஹாலில் கேக், பொன்னாடை, விசா ஒட்டிய பக்கத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு போட்டோ, கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப். போட்டோ மறுநாளே பிளக்ஸில் ஏறிவிடுகிறது. பிடிஎஃபில் இருப்பது ஸ்வெட்டர் எடுத்துக்கொள், அசல் சான்றிதழ் எடுத்துக்கொள் என்ற அளவுக்குத்தான். இறங்கிய பிறகு உதவி வேண்டுமென்றால் அது தனி பேக்கேஜ், தனிக் கட்டணம் என்கிறீர்கள். இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியவில்லை. எழுதுகிற நாங்கள் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் படித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள். புதிதாக வந்திறங்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் முதல் வாரம் நடுராத்திரியில் கூப்பிடுவது எங்களைத்தான். உங்கள் நம்பர் அதற்குள் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' போய்விடுகிறது.

எங்கள் சொந்தக் கதை இங்கே வேண்டாம். எது எங்கே தப்பிப் போகிறது, ஏன் போகிறது என்பதை மட்டும் சொல்கிறோம்.

ஒரு கொத்தனாரை வளைகுடாவுக்கு வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சட்டம் வேலைக்குப் போகிறவர்களுக்கானது. படிக்கப் போகிற பிள்ளையை அனுப்ப அந்தப் பதிவு தேவையில்லை. ஒரு மேசையும் ஒரு போர்டும் இருந்தால் போதும். பல்கலைக்கழகம் உங்களுக்குத் தருகிற கமிஷன், மாணவன் அங்கே சேர்ந்து கட்டணம் கட்டிய பிறகு, முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்காக வருகிறது. அதனால் பிள்ளை சேர்ந்த அன்று உங்கள் கணக்கு முடிகிறது, அந்த வீட்டின் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது. உங்கள் அலுவலகத்தில் நாங்கள் காண்கிற குறை எல்லாம் இந்த ஒரு இடத்திலிருந்து முளைப்பதுதான்.

முதலில் பணம். வீட்டு நினைப்பு என்று நாம் சொல்வதில் பாதி பணத் தட்டுப்பாடு. பிரிட்டன் விசாவுக்குக் கட்டண பாக்கியும், அதிகபட்சம் ஒன்பது மாதச் செலவுத் தொகையும் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். அவ்வளவு இல்லாத வீட்டுக்கு உங்களில் சிலர் வழி சொல்லிக் கொடுக்கிறீர்கள்: ஒருவர் வட்டிக்குப் பேலன்ஸ் போட்டுத் தருவார், வேலை முடிந்ததும் எடுத்துக்கொள்வார். விசா வந்துவிடும். ஆனால் அந்த விதி இருப்பதே பிள்ளை அங்கே சாப்பிடவும் வாடகை கொடுக்கவும்தானே. பேலன்ஸ் திரும்பிப் போனபின் 300, 400 பவுண்டோடு இறங்குகிறவன் முதல் வகுப்புக்கு முன்பே வேலை தேடி அலைகிறான். கிடைப்பது ராத்திரி ஷிஃப்ட். பட்டப்படிப்பு மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 26, அடுத்த வாரம் 14, சராசரி சரியாகிவிடும் என்று முதலாளி சொல்வது செல்லாது; அந்த 26 மணி நேர வாரமே விதிமீறல். சுயதொழில் கூடவே கூடாது. ஆகவே இன்னொருவர் பெயரிலுள்ள ஆப்பில் சாப்பாடு டெலிவரி ஓட்டுவது இரட்டைத் தப்பு. தூக்கமில்லாமல் வகுப்பைத் தவறவிட்டால் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது, இல்லாவிட்டால் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அதற்கிருக்கும் ஸ்பான்சர் உரிமத்துக்கே ஆபத்து. விசா ரத்தாகும் கடிதம் வருகிற அன்று ஊரில் வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கும், அம்மையின் நகை அடகில் இருக்கும். பேலன்ஸ் போட்டவர் மட்டும் வட்டியோடு முழுசாக வாங்கிப் போயிருப்பார்.

ஜெர்மனியில் சிக்கல் வேறு. அங்கே பிளாக்டு அக்கவுண்டில், அதாவது விசாவுக்காக முன்பே போட்டு மாதாமாதம் மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், 11,904 யூரோ கிடக்கிறது, மாதம் 992 யூரோ வீதம் வர வேண்டும். பணம் உண்மையானதுதான், ஆனால் வாய்க்கால் திறக்க நாளாகும். அந்த 992 யூரோ வந்து விழ ஜெர்மன் நடப்புக் கணக்கு வேண்டும். பல வங்கிகள் கணக்குத் திறக்க, அன்மெல்டுங் என்கிற முகவரிப் பதிவுச் சான்றைக் கேட்கின்றன. குடியேறி இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டிய அந்தப் பதிவுக்கு, 'இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்' என்று வீட்டைக் குடியிருக்கத் தந்தவர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். நீங்கள் பிடித்துக் கொடுத்த 'தற்காலிக ரூம்' பெரும்பாலும் இன்னொரு மாணவனின் அறை. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விட்ட அவன் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடத் துணிய மாட்டான், உண்மையான வீட்டுக்காரரும் போட மாட்டார். படிவம் இல்லை, பதிவு இல்லை, கணக்கு இல்லை, 992 இல்லை. ஐந்தாறு வாரம் இப்படியே இழுத்த கதைகள் உண்டு. இதற்கிடையே வாடகை முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே ஜெர்மனி போகிறவர் கையில், பிளாக்டு அக்கவுண்ட் போக, முன்பணமும் இரண்டு மாதச் செலவும் தனியாக இருந்தாக வேண்டும். இதை ஒரு வரியாக ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்திருந்தால் அவர் எப்படியாவது புரட்டியிருப்பார்.

தபால்பெட்டியையும் சொல்லிவிடுகிறோம், சின்ன விஷயம்போலத் தெரியும். ஜெர்மனியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் கடிதம் வருவது கதவு எண்ணைப் பார்த்து அல்ல, தபால்பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து. வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் தபாலில்தான். பெயர் ஒட்டவில்லை என்றால் அத்தனையும் திரும்பிப் போகும். நம் பிள்ளைகளில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. பல்கலைக்கழகம் ஒரு மாதிரி, வங்கி ஒரு மாதிரி, காப்பீடு ஒரு மாதிரி எழுதும். அப்பா பெயர் ஓரிடத்தில், சொந்தப் பெயரே இரண்டு தடவை இன்னோரிடத்தில். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாப் படிவத்திலும் நிரப்பச் சொல்லிக் கொடுக்க உங்களுக்குப் பத்து நிமிடம் போதும். வருகிற கடிதத்தைப் புரியவில்லை என்று ஓரத்தில் வைப்பதும் வேண்டாம். ஒலிபரப்புக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ உண்டு, டிவி இல்லை என்பது பதிலாகாது. உடன் தங்குகிறவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம், கண்டுகொள்ளாமல் விட்டால் அபராதத்தோடு வரும்.

(இடையில் ஒன்று. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமே இல்லை. பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. அவை பொதுவாகக் கமிஷனும் தருவதில்லை. உங்கள் பிளக்ஸில் தனியார் நிறுவனங்களின் பெயர்களே ஏன் கொட்டை எழுத்தில் இருக்கின்றன என்று பெற்றோர் ஒருநாள் கேட்பார்கள்.)

பிரிட்டனில் விசாவோடு சேர்த்து ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் மருத்துவ வரி கட்டுகிறார்கள். கட்டிய பிறகு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிவதில்லை. முதல் வாரத்திலேயே பக்கத்து ஜிபி என்கிற பொதுநல மருத்துவரிடம் பெயர் பதிய வேண்டும், காய்ச்சல் வந்த பிறகல்ல. உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் உடனே உதவி வேண்டிய உடல்நலக் குறைக்கு 111, உயிர் போகிற அவசரத்துக்கு 999. மருந்துச்சீட்டுக்கு இங்கிலாந்தில் ஒவ்வொரு மருந்துக்கும் கட்டணம் உண்டு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இல்லை. பல் வைத்தியமும் மூக்குக்கண்ணாடியும் பொதுவாக அந்த 776 பவுண்டுக்குள் இலவசமாக அடங்காது. அதை நாகர்கோவிலிலேயே முடித்துவிட்டு ஏறச் சொல்லுங்கள், கண்ணாடி இரண்டாக எடுக்கச் சொல்லுங்கள்.

இனி பெட்டி. முந்திரிக்கொத்து, முறுக்கு, ஏத்தங்காய் சிப்ஸ் போகட்டும், தடையில்லை. ஆனால் நெய்யும் பால்கோவாவும் இறைச்சி ஊறுகாயும் பிரிட்டனுக்குள்ளோ ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளோ கொண்டுபோகக் கூடாது. கருவாடு சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை போகலாம். பச்சைக் கறிவேப்பிலைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தாவர நலச் சான்று வேண்டும் என்பதால் அங்கே அது விமான நிலையக் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். வாழைப்பழத்துக்கு அந்தச் சான்று வேண்டாம், ஆகவே ஒரு சீப்பு மட்டிப்பழம் தாராளமாகப் போகலாம், நசுங்காமல் போய்ச் சேர்ந்தால். நம் மாவட்டத்துக்காரர்கள் அடிக்கடி மாட்டுவது கொப்பரையில். எண்ணெய்ச்சத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்று 2022 முதல் அதை விமானப் பெட்டியில் வைக்கத் தடை. திருவனந்தபுரத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்கிறபோது பின்னால் வரிசை நிற்கும், அம்மை தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். குக்கர் வாங்கினால் அடியில் காந்தத்தை வைத்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். காந்தம் ஒட்டாத அலுமினியம் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது.

போய்ச் சேர்ந்த முதல் மீன்குழம்பு அன்று என்ன நடக்கும் தெரியுமா? மாணவர் விடுதிகளில் சமையலறையில் பெரும்பாலும் சூட்டை உணரும் கருவி, வராந்தாவிலும் படுக்கையறையிலும் புகையை உணரும் கருவி. தேங்காயெண்ணெயில் வற்றல் மிளகாய் கருகி நெடி ஏறுகிறது. ஜன்னல் பாதிதான் திறக்கும். இருமல் தாங்காமல் பிள்ளை சமையலறைக் கதவைத் திறந்து ஒரு நாற்காலியைக் கொடுத்து நிறுத்துகிறான். அங்கேதான் தப்பு: அதுவரை உள்ளே இருந்த புகை வராந்தாவுக்குப் போகிறது, அலாரம் அடிக்கிறது, நூறு பேர் குளிரில் முற்றத்தில் வந்து நிற்கிறார்கள். அன்று ராத்திரி முதல் அவன் தாளிப்பதையே விட்டுவிடுகிறான், அப்புறம் ரொட்டியும் நூடுல்ஸும்தான். செய்ய வேண்டியது எளிது. கதவை மூடியே வை, புகைபோக்கி விசிறியை முதலில் போடு, எண்ணெயைப் புகைய விடாதே, மிளகாயைக் கடைசியில் போடு. கருவிமேல் பிளாஸ்டிக் கவர் கட்டினால் அபராதம், சில இடத்தில் அறையையே காலி செய்யச் சொல்வார்கள்.

வீட்டு நினைப்பு வருகிற நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம், அதனால்தான் உங்கள்மேல் எங்களுக்கு அதிகக் கோபம். முதல் இரண்டு மூன்று வாரம் ஓட்டத்தில் போய்விடும். நான்காம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள் முதல் தடவை பிடிக்கும், அதாவது செப்டம்பர் இன்டேக்கில், அதாவது செப்டம்பர் சேர்க்கையில் போகிற பிள்ளைகளுக்கு அக்டோபர் கடைசி. அதே சமயம் அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். பிரிட்டனுக்கும் நமக்கும் நாலரை மணி இருந்த வித்தியாசம் ஐந்தரை ஆகும், ஜெர்மனிக்கு மூன்றரை நாலரை ஆகும். வழக்கமான நேரத்துக்குப் போனை வைத்துக்கொண்டு அம்மை காத்திருப்பார், மணி அடிக்காது. ஒரு மணி நேரத்தில் அவர் என்னென்னவோ நினைத்துவிடுவார். டிசம்பரில் பெர்லினில் சூரியன் நாலு மணிக்கு முன்பே மறையும், காலை எட்டேகாலுக்குத்தான் உதிக்கும். வருஷம் முழுக்க ஆறு மணிக்குச் சூரியனைப் பார்த்துப் பழகிய உடம்பு அதை நோயென்றே நினைக்கும். பகல் உணவுக்குப் பின் அரை மணி வெளியே நடப்பதும், இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி மாத்திரையும் பிரிட்டனின் மருத்துவத் துறையே சொல்கிற எளிய வழிகள்.

பிறகு கிறிஸ்துமஸ். நம் மாவட்டத்தில் அந்த வாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடில், கரோல், ஊர் முழுக்க நட்சத்திரம். பிரிட்டனில் டிசம்பர் 25 அன்று ரயில் ஓடாது, லண்டனில் பஸ்ஸும் ஓடாது, பெரிய கடைகள் மூடியிருக்கும். ஜெர்மனியில் 25, 26 இரண்டு நாளும் கடைகள் மூடல். உடன் தங்கியவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட, விடுதியில் இவன் ஒருத்தன். 24ஆம் தேதி மதியத்துக்குள் மூன்று நாள் சாமான் வாங்கி வைக்க வேண்டும், 25ஆம் தேதி நடந்து போகிற தூரத்தில் யார் வீட்டில் சாப்பாடு என்று ஒரு மாதம் முன்பே பேசி வைக்க வேண்டும். இதைத் தெரிந்தவன் தப்பித்துக்கொள்கிறான். தெரியாதவன் கதவைச் சாத்திக்கொண்டு, வீடியோ காலில் வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறான்.

போன் பேசுகிற நேரத்தையும் வீட்டுத் தொழிலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற வீட்டில் காலை நாலு மணிக்கு எழுவார்கள், ராத்திரி எட்டரைக்குப் படுத்துவிடுவார்கள். குளிர்காலத்தில் நம் நாலு மணி பிரிட்டனில் முந்தின இரவு பத்தரை, நம் எட்டரை அங்கே மதியம் மூன்று, வகுப்பு நேரம். பொருந்துகிற இடம் ஒன்றே ஒன்று: இங்கே மாலை ஏழு, அங்கே மதியம் ஒன்றரை. குடும்ப ஜெபமோ விளக்கு வைப்பதோ முடிகிற நேரம். அங்கே அவன் டிபன் டப்பாவைத் திறக்கிற நேரம். தினம் பத்து நிமிடம், ஞாயிறு ஒரு மணி நேரம். தூத்தூர் பக்கத்து வீடுகளில் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் பேச முடியாது. வானிலை எச்சரிக்கை வந்தால் அங்கிருக்கிற பிள்ளைக்கு 2017 ஒக்கிப் புயல்தான் நினைவுக்கு வரும். அந்த நாட்களில் கரையிலிருந்து யார் தகவல் சொல்வது என்று ஒரு சித்தப்பாவையோ மாமாவையோ முன்பே குறித்து வைக்க வேண்டும். நாள் முழுக்க வீடியோ காலைத் திறந்தே வைப்பது பாசம்போலத் தெரிந்தாலும், பிள்ளை பக்கத்து அறைக்காரனோடு ஒரு வார்த்தை பேசாமலே மாதம் ஓடிவிடும். "சாப்பிட்டியா மக்கா?" என்று மட்டும் கேட்டால் "சாப்பிட்டேன்" என்றுதான் வரும், சாப்பிடாதபோதும் அதே பதில்தான். என்ன சாப்பிட்டாய், யார் கூடச் சாப்பிட்டாய் என்று கேட்கப் பெற்றோருக்கு யாராவது சொல்லித் தர வேண்டும்.

பிள்ளை இரண்டு நாள் போன் எடுக்கவில்லை என்றால் பெற்றோர் உங்களிடம் ஓடி வருகிறார்கள். பல்கலைக்கழகம் 18 வயது தாண்டியவரைப் பற்றி, அவர் சம்மதம் இல்லாமல், பெற்றோரிடமே எதுவும் சொல்லாது. ஆகவே சேர்க்கைப் படிவத்தில் அவசரத் தொடர்பாக வீட்டு எண் 91 குறியோடு இருக்க வேண்டும், தகவல் தரும் சம்மதமும் பதிவாகியிருக்க வேண்டும். வளாகப் பாதுகாப்பு அலுவலகத்தின் எண் அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். மனம் தாங்காத ராத்திரியில் பிள்ளை கூப்பிட பிரிட்டனில் 116 123, ஜெர்மனியில் 0800 111 0 111, இரண்டும் இலவசம்.

கடைசியாக, யாரும் பேச விரும்பாதது. ஊரில் ஒரு மரணம், பாட்டிக்கு அடக்கம், பிள்ளை வர வேண்டும். விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும்போது பிரிட்டனை விட்டு வெளியேறினால் அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஜெர்மனியில் காத்திருக்கும் காலத்துக்குத் தருகிற இடைக்காலச் சான்றில் அந்நாட்டு வசிப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு குறிக்கப்பட்டிருந்தால் போய்த் திரும்பலாம், 3ஆம் உட்பிரிவு என்றால் திரும்ப நுழைய முடியாமல் போகலாம். அழுதுகொண்டே டிக்கெட் போடுகிற அந்த இரவில் இதைத் தேடிப் படிக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது. முன்பே தெரிந்திருக்க வேண்டும், வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், "வரமாட்டேன் என்றுவிட்டான்" என்ற பழி விழாமலிருக்க.

நாங்கள் கேட்பவை இவை. டிக்கெட் தேதிக்கு மூன்று வாரம் முன்பு, மாணவருக்கு ஒன்றும் பெற்றோருக்கு ஒன்றுமாகத் தனித்தனி வகுப்பு, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல், தமிழில் நடத்துங்கள். பெற்றோர் வகுப்பு மாலையிலோ ஞாயிறு மதியத்திலோ இருக்கட்டும், பால்வெட்டு வேலையை விட்டுவிட்டு யாரும் காலை பத்து மணிக்கு வர முடியாது. இதற்குத் தனிக் கட்டணம் கூடாது. இப்போது அங்கே படிக்கிற ஒருவரை வீடியோவில் பேசவையுங்கள், நாங்களே வருகிறோம், எங்களுக்கு ஒன்றும் தர வேண்டாம்.

பேலன்ஸ் போட்டுத் தருகிறவர்களின் எண்ணைக் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். முதல் 90 நாளுக்கு எவ்வளவு கையில் வேண்டும் என்று நாடு, நகரம் வாரியாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அந்தத் தொகை அந்த வீட்டில் இல்லையென்றால் அடுத்த இன்டேக்குக்குப் போகச் சொல்லுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து உங்களுக்குக் கமிஷன் வருகிறது என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள்.

முதல் நான்கு வாரத்துக்கு முகவரிப் பதிவு செய்யத்தக்க இடம் எழுத்தில் உறுதியாகாமல் யாரையும் விமானம் ஏற்றாதீர்கள். வெளியுறவுத் துறையின் MADAD இணையதளத்தில் மாணவர் பதிவையும், அயலகத் தமிழர் நல வாரியப் பதிவையும் பற்றி அந்த வகுப்பிலேயே சொல்லி, உங்கள் கணினியிலேயே உட்காரவைத்து முடித்துக் கொடுங்கள்.

ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளரை ஆறு மாதத்துக்கு நியமியுங்கள். அவர் 10ஆம் நாளும், 40ஆம் நாளும், டிசம்பர் 20ஐ ஒட்டியும் தானாகவே கூப்பிட வேண்டும். அவருடைய எண் பெற்றோரிடம் இருக்க வேண்டும், அது எடுக்கப்பட வேண்டும்.

அடுத்த இன்டேக்குக்கான முதல் வகுப்பு எந்தத் தேதியில், எந்த ஹாலில் என்று இந்த மாதத்துக்குள் அறிவியுங்கள். அறிவிப்பை வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். விசா போட்டோ போடுகிற அதே பிளக்ஸில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
வெளிநாடுகளில் படித்த, படிக்கிற குமரி மாவட்டத்தவர் சிலர்